பாவித்த ஸ்போர்ட்ஸ் கார்: தகரத்தையும் தாளையும் பாருங்கள்

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கட்டாரில் உழைத்த காசில் ஒரு பங்கை ஒதுக்கி வைத்திருக்கிறாராம். வீட்டுத் தேவைக்கு வேன் இருக்கிறது, இது ஆசைக்கு. இரண்டு விளம்பரங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன: நீர்கொழும்பில் 1990ஆம் ஆண்டு, கூரை மடக்கும் மஸ்டா யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்று, கல்முனையில் 2011ஆம் ஆண்டு ஹொண்டா சிஆர்-இசட் ஹைபிரிட் ஒன்று. கூட்டாளி ஒருவர் மஸ்டா ஆர்எக்ஸ்-8 பார்க்கச் சொல்கிறாராம். நல்ல மாதிரி வைத்திருந்த கார் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது, நியாயமான விலை என்றால் எது என்பதுதான் கேள்வி.

முதலில் ஆர்எக்ஸ்-8 கதையை முடித்துவிடுவோம். 2003இல் வந்த கார் அது. அழகு, ஓட்டமும் அருமை. ஆனால் உள்ளே இருப்பது பிஸ்டன் எஞ்சின் இல்லை, ரோட்டரி. தாளில் 1308 சிசி என்று இருக்கும், பெற்றோல் குடிப்பதைப் பார்த்தால் அப்படித் தெரியாது. எஞ்சின் ஒயிலையும் கொஞ்சம் கொஞ்சமாக எரிக்கும். அது பழுது இல்லை, அதன் அமைப்பே அப்படித்தான். உள்ளே சுழலும் ரோட்டரின் முனைகளில் இருக்கும் சீல்கள் தேய்ந்தால் கொம்பிரஷன் விழும், சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாது. அதை அளக்கச் சாதாரண கொம்பிரஷன் கேஜ் போதாது, ரோட்டரிக்கென்று தனிக் கருவி வேண்டும். எஞ்சினைத் திறக்கத் தெரிந்த ஆளைக் கொழும்பில்தான் தேட வேண்டும். களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு இதை வைத்திருப்பது ஆசை இல்லை, நேர்த்திக்கடன். விடுங்கள்.

மற்ற இரண்டுக்கும் என் பதில் ஒன்றுதான். எஞ்சினுக்குக் காசு கொடுக்காதீர்கள், தகரத்துக்கும் தாளுக்கும் கொடுங்கள். எஞ்சின் போனால் கொழும்பு பஞ்சிகாவத்தையின் வாகன உதிரிப்பாகக் கடைகளில், ஜப்பானில் இருந்து வந்த பாவித்த எஞ்சின் தேடலாம். கியர்பொக்ஸும் கிளச்சும் அப்படியே. கறள் பிடித்த பொடிக்கு அப்படி ஒரு கடை இல்லை. வெட்டி ஒட்டி, புட்டி பூசி, பெயின்ற் அடித்தால் ஒரு மாரிக்குத் தாங்கும். அடுத்த மாரியில் பெயின்ற் கொப்பளிக்கும். தாளில் சிக்கல் என்றால் அதுவும் இல்லை, கார் முற்றத்தில் நிற்கும், பெயர் வேறு ஒருவருடையதாக இருக்கும்.

கறளைப் பற்றிக் கொஞ்சம் கூடவே எழுதுகிறேன், ஏனென்றால் நம்முடைய கரையோரத்தில் காரைக் கொல்வது அதுதான். கல்லடி, நாவலடி, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியோ களப்போ வயலோ இருக்கும் ஊர்களில், வாடைக் காற்று வீசும் மாதங்களில் உப்பு எங்கும் படியும். இதைவிட மோசமான ஒன்றை யாரும் கவனிப்பதில்லை. கரையோர வீடுகள் பலவற்றில் கிணற்றுத் தண்ணீர் உவர். அந்தத் தண்ணீரால் தினமும் காரைக் கழுவுகிறவர், "நான் ஒவ்வொரு நாளும் கழுவுவேன்" என்று பெருமையாகச் சொல்வார். மேலே பளபளப்பு, கீழே உப்புக் குளியல். ஆகவே கல்முனைக் காரைப் பார்க்கப் போனால், கார் எங்கே நிற்கிறது, கூரை உண்டா, மணலிலா சீமெந்துத் தளத்திலா, எந்தத் தண்ணீரால் கழுவுகிறார்கள் என்று சாதாரணமாகப் பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள். கிணற்றடியில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்துப் பார்த்தாலே பாதி விடை வந்துவிடும்.

நீர்கொழும்புக் கார் என்பதால் தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம், அங்கேயும் கடலும் களப்பும்தான். அம்பாறை நகரம், மகாஓயா, கண்டிப் பக்கம் ஓடிய கார் என்றால் தகரம் பெரும்பாலும் சுகமாக இருக்கும். மலைநாட்டுக் காரில் கிளச்சும் பிறேக்கும் தேய்ந்திருக்கும், அது பரவாயில்லை, மாற்றக்கூடிய சாமான்.

ரோட்ஸ்டரில் கறள் எங்கே தொடங்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மடக்கும் கூரையில் விழும் மழைநீர் இருக்கைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள துவாரங்கள் வழியாக இறங்கி, பின் சில்லுக்கு முன்னால் அடியில் வெளியே வர வேண்டும். அந்தத் துவாரம் இலை, தூசியால் அடைபட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே உள்ள பெட்டி போன்ற பகுதிக்குள் தேங்கி, உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே ஒரு சின்னக் கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே கை நுழையும் ஓட்டை இருக்கும். அரைப் போத்தல் நல்ல தண்ணீரை அந்த மூலையில் மெதுவாக ஊற்றிவிட்டு, குனிந்து கீழே பாருங்கள். ஒழுகினால் சந்தோஷம். ஒழுகவில்லை என்றால் அந்தத் தண்ணீர் எங்கே போனது என்று விற்பவரிடமே கேளுங்கள்.

புட்டி பூசியிருக்கிறதா என்று பார்க்கச் சிறிய காந்தத்தைத் துணியில் சுற்றி ஒட்டிப் பார்ப்பது பழைய வித்தை, இன்றும் வேலை செய்யும். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். இந்த ரோட்ஸ்டரின் பொனற் அலுமினியம். அதில் காந்தம் ஒட்டாது. அதைப் பார்த்துப் பயந்து நல்ல காரை விட்டுவிட்டு வர வேண்டாம். மாறாக, பொனற்றில் காந்தம் ஒட்டினால்தான் யோசிக்க வேண்டும்.

பின் சில்லு வளைவு, பற்றரி இருக்கும் இடம், ஜாக் வைக்கும் இடம், முன் கண்ணாடியின் அடி விளிம்பு, பிறேக் குழாய்கள், ஷொக் பொருத்தும் கோபுரம், இவ்வளவையும் காரை உயர்த்தி வைத்துப் பாருங்கள். உயர்த்தாமல் வாங்கவே வாங்காதீர்கள். அடியில் புதிதாகக் கறுப்புத் தார் பூசியிருந்தால் அது நல்ல அறிகுறி என்று பலர் நினைக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன் பூசியது நல்லது. போன கிழமை பூசியது மறைப்பதற்கு.

அடுத்தது வெள்ளம். 2016 மே மாதம் களனி கங்கை பெருகியபோது கொலன்னாவைப் பக்கம் வாகனங்கள் மூழ்கின. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது நாட்டின் பல மாவட்டங்களில் அதே கதை. அப்படி மூழ்கிய வாகனங்கள் எல்லாம் உடைக்கப் போவதில்லை. கழுவி, உலர்த்தி, வாசனை அடித்து, வேறு மாகாணத்தில் விளம்பரத்துக்கு வரும். சீற் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள். அடிப் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் முடிந்தது. கம்பளத்தின் ஓரத்தைக் கிளப்புங்கள், இருக்கை பூட்டிய ஆணிகளைப் பாருங்கள், டிக்கியில் ஸ்பெயார் ரயர் இருக்கும் குழியைத் தடவுங்கள், வயர்க் கனெக்டர் ஒன்றைக் கழற்றிப் பச்சை படிந்திருக்கிறதா என்று பாருங்கள். 1990ஆம் ஆண்டுக் கார் என்றால் 2004 டிசம்பரில் எங்கே நின்றது என்று கேட்பதிலும் தப்பில்லை. சிஆர்-இசட்டுக்கு வெள்ளம் இன்னும் பெரிய விஷயம், ஏனென்றால் அதன் ஹைபிரிட் பற்றரியும் அதைக் கட்டுப்படுத்தும் சாமான்களும் பின்தளத்துக்கு அடியில் இருக்கின்றன.

அந்தப் பற்றரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2010இல் அறிமுகமான சிஆர்-இசட், ஹைபிரிட்டுக்கு இங்கே வரிச் சலுகை இருந்த காலத்தில் வந்திறங்கியது. 1.5 லீற்றர் எஞ்சினோடு ஒரு சின்ன மோட்டர். 2012க்கு முந்திய கார்களில் நிக்கல் பற்றரி, அதற்குப் பின் வந்தவற்றில் லித்தியம். நீங்கள் பார்த்திருப்பது 2011, எனவே நிக்கல். இவ்வளவு வயதில், நம்முடைய வெயிலில், அது முதல் பற்றரியாகவே இருந்தால் ஆச்சரியம். மாற்றியிருந்தால் எப்போது, எங்கே, புதிதா அல்லது செல் மாற்றிக் கட்டியதா என்று பில்லோடு கேளுங்கள். செல் மாற்றிக் கட்டியது மலிவு, நம்பிக்கையும் அதே அளவுதான். ஓடும்போது சார்ஜ் காட்டும் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். நிறையக் கோடு காட்டிவிட்டுத் திடீரென்று வெறுமையாகி, கொஞ்ச நேரத்தில் மறுபடி நிறைந்தால் பற்றரி போய்க்கொண்டிருக்கிறது. விலையில் இருந்து ஒரு பற்றரியின் விலையை அப்படியே கழிக்க வேண்டும், பாதியை அல்ல. இது ஸ்போர்ட்ஸ் காரே இல்லை என்று சண்டைக்கு வருகிறவர்களும் உண்டு. வேகத்துக்காகப் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆறு கியர் மனுவல் கிடைத்தால் ஓட்டச் சுகமான கார். ஓட்டோ என்றால் எனக்கு ஆர்வம் இல்லை, அந்த விலைக்கு வேறு எத்தனையோ கார் இருக்கிறது.

ரோட்ஸ்டரின் 1.6 எஞ்சின் எளிமையானது, பலசாலி. டைமிங் பெல்ட்டை 100,000 கிலோமீற்றருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். அறுந்தாலும் வால்வு பிஸ்டனில் அடிக்காது, காரைக் கட்டி இழுத்து வந்து பெல்ட்டைப் போட்டால் ஓடும். பழைய ஹொண்டா சிவிக்குகளில் வரும் விடெக் எஞ்சின்களில் இந்த மன்னிப்பு இல்லை, அறுந்தால் வால்வுகள் வளையும். சிவிக் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. தேடும்போது "டைப் ஆர்" (சிவிக்கின் வேகமான விசேட வகை) என்று சிவப்பு இலச்சினை ஒட்டிய ஈகே வகைச் சிவிக்குகள் கண்ணில் படும். உண்மையான 1997 டைப் ஆரின் செசி நம்பர் ஈகே9 என்று தொடங்கும். ஈகே3, ஈகே4 என்று தொடங்கினால் அது அலங்காரம். அலங்காரத்தை அலங்காரத்தின் விலைக்கு வாங்கலாம், தப்பில்லை.

பார்க்கப் போகும்போது முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: "நான் வரும்வரை ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் பொனற்றில் கை வையுங்கள். சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார் என்று அர்த்தம், அல்லது குறைந்தது சொன்னதைக் கேட்காத ஆள் என்று அர்த்தம். குளிர்ந்த எஞ்சின் முதல் சத்தத்திலேயே பாதிக் கதையைச் சொல்லிவிடும். நீலப் புகை ஒயில் எரிவதால், வெள்ளைப் புகை தொடர்ந்து வந்து இனிப்பு வாசம் அடித்தால் கூலன்ட் உள்ளே போவதால். கொம்பிரஷன் பார்த்தால் நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். ரோட்ஸ்டரில் குளிர்ந்திருக்கும்போது இரண்டாம் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அது சகஜம். சூடான பிறகும் அரைத்தால் சகஜம் இல்லை.

ஓட்டிப் பார்ப்பதற்குக் கல்முனைப் பிரதான வீதி ஆகாது, சன நெரிசலில் மூன்றாம் கியரே வராது. காரைதீவுச் சந்தியில் திரும்பி, சம்மாந்துறை தாண்டி அம்பாறைப் பாதையில் வயல்வெளிக்குப் போங்கள். நல்ல நேர் வீதி. கையைக் கொஞ்சம் தளர்த்தினால் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று தெரியும், பிறேக் பிடித்தால் ஸ்டியரிங் நடுங்குகிறதா என்று தெரியும். சட்ட வேகத்துக்குள்ளேயே இதெல்லாம் தெரியும். ஏசியைப் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் நிறுத்தி வையுங்கள், நடுப்பகலில். சூட்டு முள் ஏறக்கூடாது. ரயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள்: 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆவது கிழமை செய்தது. பட்டை நிறைய இருந்தாலும் ஆறேழு வருடம் தாண்டிய ரயரை நான் ரயராகக் கணக்கில் எடுப்பதில்லை. நான்கு சில்லுக்கும் ஒரே கம்பனி, நல்ல ரயர் போட்டிருக்கும் ஆள் மற்றச் செலவிலும் கஞ்சத்தனம் செய்திருக்கமாட்டார் என்பது என் அனுபவம். பழைய சேர்விஸ் பில்களை ஒரு கோப்பில் வைத்திருக்கும் ஆளிடம் கூட்டிக் கொடுத்து வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன்.

காட்டும் மீற்றரை நம்ப வேண்டாம். ஜப்பானில் ஏலத்தில் விற்கும்போது கொடுத்த ஏலத் தாள் இருந்தால் நல்லது. அதில் 4, 4.5 என்று தரம் இருக்கும். ஆர் என்று இருந்தால் அங்கேயே அடிபட்டுத் திருத்தியது. அந்தத் தாளின் கிலோமீற்றரோடு இன்றைய மீற்றரை ஒப்பிடுங்கள். ஆனால் 1990ஆம் ஆண்டுக் காருக்கு ஏலத் தாளை யார் இவ்வளவு காலம் வைத்திருக்கப் போகிறார்கள்.

இனித் தாள். பதிவுச் சான்றிதழில் செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் காரில் உள்ளதோடு ஒவ்வோர் எழுத்தாகப் பொருந்த வேண்டும். எஞ்சின் மாற்றிய ஸ்போர்ட்ஸ் கார்கள் ஏராளம். மாற்றியது குற்றம் இல்லை, மாற்றியதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியாமல் விட்டதுதான் சிக்கல், அந்தச் சிக்கல் உங்கள் தலையில் விழும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருந்தால், கடன் முடிந்த கடிதம் கையில் வராமல் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். "ஓப்பன் பேப்பர்" என்று சொல்லி, திகதி போடாமல் கையெழுத்து வைத்த உரிமை மாற்றப் படிவத்தைத் தருவார்கள், அது எத்தனை கை மாறியது என்று யாருக்கும் தெரியாது. கையெழுத்து வைத்தவர் இடையில் காலமாகிவிட்டால் அவருடைய பிள்ளைகளைத் தேடி அலைய வேண்டும். பதிவில் உள்ள ஆளே நேரில் வந்து அடையாள அட்டையோடு கையெழுத்து வைக்கட்டும். நெடுநாள் ஓடாமல் நின்ற கார் என்றால் வருமான அனுமதிப்பத்திர நிலுவையை யார் கட்டுவது என்று விலை பேசும்போதே பேசுங்கள். சத்தம் போடும் சைலன்சர் பூட்டியிருந்தால் பழையதையும் கேட்டு வாங்குங்கள், பொலிஸ் பிடித்தால் அதுதான் தேவைப்படும்.

இப்போது விலை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருடத்தில் இங்கே இருந்த எல்லாப் பழைய வாகனத்துக்கும் விலை ஏறியது. திறந்த பிறகும், பாவித்த கார் கொண்டுவர வயதுக் கட்டுப்பாடு இருப்பதால் 1990ஆம் ஆண்டு ரோட்ஸ்டரோ 2011 சிஆர்-இசட்டோ இனி இறங்காது. இதைத்தான் விற்பவர் "இனி வராது தம்பி" என்று சொல்வார். உண்மைதான். அவர் சொல்லாத மறுபாதி, வாங்குகிறவரும் அதிகம் வரமாட்டார் என்பது. இரண்டு பேர் மட்டுமே வசதியாக உட்காரும், தரையோடு போகும் காருக்குக் கல்முனையில் எத்தனை பேர் காசோடு வரிசையில் நிற்கப் போகிறார்கள்? வேகன்ஆர் என்றால் ஒரு கிழமையில் போய்விடும். இது மாதக்கணக்கில் நிற்கும். அந்தக் காத்திருப்புத்தான் உங்கள் பேரம்.

ரியாசெவன, இக்மன் போன்ற தளங்களில் இரண்டு மூன்று மாதம் அதே மாதிரிக் கார்களின் விளம்பரங்களைத் திகதியோடு ஒரு கொப்பியில் எழுதுங்கள். எது சீக்கிரம் மறைந்தது, எது விலை குறைந்து குறைந்து திரும்பத் திரும்ப வந்தது என்று பார்த்தால் கேட்கும் விலைக்கும் போகும் விலைக்கும் உள்ள இடைவெளி தெரியும். அப்புறம் கணக்கு: அந்த வகையில் குறை சொல்ல முடியாத கார் 50 லட்சத்துக்குப் போகிறது என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். நீங்கள் பார்க்கும் காருக்கு நான்கு ரயர், டைமிங் பெல்ட், கிளச், கூரைத் துணி வேண்டும் என்றால், ஒவ்வொன்றுக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போன் எடுத்து விலை கேட்டு, கூலியும் சேர்த்து, 50இல் இருந்து கழியுங்கள். அந்தத் தாளை விற்பவர் முன்னால் வையுங்கள். "கடைசி விலை என்ன" என்று போனில் கேட்பவனுக்கு யாரும் மரியாதை தருவதில்லை. தாளோடு வருபவனிடம் பேசுவார்கள். கறளுக்கு மட்டும் கழிக்க வேண்டாம். அடிப்பகுதியில் கறள் இருந்தால் எந்த விலையும் நியாயம் இல்லை, திரும்பி வாருங்கள்.

சொந்தக்காரர் ரிம், ஸ்பீக்கர், ஸ்பொய்லருக்குச் செலவழித்ததை எல்லாம் கூட்டிச் சொல்வார். அது அவருடைய சந்தோஷத்துக்குச் செய்த செலவு. ஒன்றும் மாற்றாத கார்தான் விலை உயர்ந்த கார், பின்னால் விற்கும்போதும் அப்படித்தான். விற்பது பெரும்பாலும் கொழும்புப் பக்கம்தான் நடக்கும் என்பதையும் இப்போதே நினைத்துக்கொள்ளுங்கள். விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் வருடத் திருத்தத்துக்கென்று தனியே வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லை என்றால் கொஞ்சம் மலிவான கார் பாருங்கள். இவ்வளவு பழைய காருக்கு லீசிங் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் ஆசைக்கு வட்டி கட்ட வேண்டாம்.

உங்கள் இரண்டில் எது என்று கேட்டால், கல்முனைக் காரை இந்தக் கிழமையே போய்ப் பாருங்கள். பக்கத்தில் இருக்கிறது, இரண்டு தரம் போகலாம், உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் பாஸைக் கூட்டிக்கொண்டு போகலாம். மனுவலாக இருந்து, பற்றரி மாற்றிய பில்லும் இருந்து, அடியில் கறள் இல்லாமல் இருந்தால் பேசுங்கள். மூன்றில் ஒன்று இல்லை என்றாலும் அவசரம் வேண்டாம். ரோட்ஸ்டர் என்றால் மனம் அங்கேதான் நிற்கிறது என்று உங்கள் கேள்வியிலேயே தெரிகிறது, எனக்கும் அதுதான் விருப்பம். ஆனால் நீர்கொழும்புக்குப் போவதற்கு முன், சில்லு வளைவு, கதவுக்குக் கீழ்ப்பகுதி, அடித்தளம், பதிவுச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் வட்ஸ்அப்பில் தெளிவான படம் கேளுங்கள். படம் அனுப்பத் தயங்குகிறவரிடம் பஸ் காசைச் செலவழிக்க வேண்டாம். வாங்கினால் கார் கெரியரில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். ஏறத்தாழ 300 கிலோமீற்றர்; ஹபரணைக்கும் பொலன்னறுவைக்கும் இடையில் இருட்டும் நேரத்தில் பழைய றேடியேற்றர் குழாய் வெடித்தால், உதவிக்கு முதலில் வருவது யானையாகத்தான் இருக்கும்.